பிரிண்டருக்கு நான் கொடுத்த கட்டளை

பொறாமையால் ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்தவன் நான்.

ஓய்வுபெற்ற பிறகு, காரிமங்கலம் பக்கம் ஒரு புளி பேக்கிங் கம்பெனியில் கணக்கு பார்த்து வந்தேன். லேபிள் பிரிண்டர் தகராறு செய்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஷாஹின் வேலைக்குச் சேர்ந்ததும் அது நின்றுபோனது. அவள் கம்ப்யூட்டரில் நாலு வரிக் கட்டளை அடிப்பாள். தேதி, விலை, பார்கோடு எல்லாம் சரியான இடத்தில் விழும்.

"ஷாஹின் சொன்னா மிஷினே கேக்குதுங்க சார். நீங்க தட்டித் தட்டித்தான ஓட்டுனீங்க" என்று பேக்கிங் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

அவள் சாப்பிடப் போன நேரத்தில், எழுத்து எவ்வளவு அழுத்தமாக விழவேண்டும் என்று சொல்லும் கட்டளையில் எண்ணைக் குறைத்து வைத்தேன். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பெங்களூர் கடைகளில் பார்கோடு ஸ்கேன் ஆகாமல் லோடு முழுவதும் திரும்பி வந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் முதலாளியின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வயதானவன் என்று விட்டுவிட்டார். பிறகு தருமபுரியில் ஷாஹின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"ரூமுக்குள்ள சொன்னீங்களா? என்னையத் திட்டுனது ஹால்ல வெச்சுதானுங்க சார்" என்றாள்.

மறுநாள் பேக்கிங் ஹாலில் எல்லாருக்கும் முன்னால் நின்று சொன்னேன். அன்று யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி கூப்பிட்டதும் ஷாஹின் திரும்பி வந்தாள். முதல் வேலையாக அந்தக் கட்டளைகளுக்குப் பாஸ்வேர்டு போட்டாள். என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறாள். ஆனால் நான் பக்கத்தில் போனால் திரையை அணைத்துவிடுகிறாள். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.