இருபதில் ஒரு கேள்வி

"இருபது கேள்வியில நம்ம படிப்புக்கு ஒண்ணு. அந்த ஒண்ணுலயும் பங்குக்கு ஆளு."

எங்கள் கல்லூரி வினாடி வினா மன்றத்தில் காமர்ஸ் அண்ணன் இதைச் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. மூக்கால் இழுத்து, கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவார். நான் அதே குரலில் சொல்லிக் காட்டினால் அவரும் சிரிப்பார்.

புலம்பலில் பொய் இல்லை. இலக்கியம், வரலாறு, அறிவியலுக்கு ஐந்தைந்து கேள்விகள், கலைக்கு நான்கு. மிச்சம் ஒன்று 'இதர'. வணிகவியல், சட்டம், வேளாண்மை எல்லாம் அதற்குள்தான் முட்டி மோத வேண்டும். கல்லூரியில் பாதிப் பேர் வணிகவியல் என்பதை யார் பார்த்தார்கள்? அணியில் நால்வர், பாடத்துக்கு ஒருவர். கலைக்கு எங்கள் கல்லூரியில் படிப்பே இல்லாததால் அண்ணன் ஓவியர்களை மனப்பாடம் செய்து அந்த இடத்தைப் பிடித்தார்.

"ஆடிட்டராவான்னு அனுப்பினேன், பொம்மை பாத்துட்டு உக்காந்திருக்கான்" என்பாராம் அவர் அப்பா.

இந்த வருஷம் இசைப் பிரிவு தொடங்கியது. அதில் சேர்ந்த ஒரு பெண் மன்றத்துக்கும் வந்தாள். அணித் தலைவியான வரலாற்று அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"ஃபைனல்ல ஜெயிச்சா நீ இரு. தோத்தா கலை சீட்டை அவளுக்கு விட்டுக் குடுத்துடு."

"சரி" என்றார் அண்ணன். அன்று புலம்பவில்லை.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. 'இதர' என்று காதில் விழுந்தால் தண்ணீர் பாட்டிலைத் திறப்போம். மற்ற நேரமெல்லாம், முந்தி அழுத்த, விரல் பொத்தான் மேலேயே இருக்க வேண்டும். பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவரே அண்ணன்தான். "நமக்கு எங்க வரப்போகுது, குடிங்க குடிங்க."

இறுதிப் போட்டியில் இரு அணியும் சமம். மிச்சம் ஒரே கேள்வி.

"இதர" என்றார் கேள்வி கேட்பவர். அண்ணன் பாட்டிலைச் சாய்த்தார்.

"ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு கணக்குகளில் எழுதும் முறைக்கு என்ன பெயர்?"

வணிகவியலில் முதல் வருஷ முதல் பாடம். மூன்று தலைகளும் அவர் பக்கம் திரும்பின. வாய் நிறையத் தண்ணீர். அதை விழுங்கிக் கையைப் பொத்தானுக்குக் கொண்டுவருவதற்குள் எதிரணியின் விளக்கு எரிந்து, 'இரட்டைப் பதிவு முறை' என்று பதிலும் வந்துவிட்டது.

அரங்குக்கு வெளியே படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். அருகில் போய், அவர் குரலிலேயே, "தண்ணி வேணுமாண்ணே?" என்றேன். பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் மன்றத்துப் பக்கமே வரவில்லை. அன்று சொன்னதுதான் கடைசி.

"என் குரல் உனக்கு நல்லா வருதுடா. நாளையிலேருந்து புலம்பறதுக்கு அங்க ஆள் வேணும்ல, நீயே புலம்பிக்கோ. எனக்குத் தாகம் போயிடுச்சு."