லிஃப்டை மட்டும் போடவில்லை

கரண்ட் போனால் ஸ்விட்சை அணைத்து வைக்க வேண்டும் என்று நம் ஆட்களுக்குத் தோன்றுவதே இல்லை. எல்லாம் போட்டது போட்டபடியே கிடக்கும். ஜெனரேட்டர் கிளம்பி மூச்சு விடுவதற்குள் கட்டிடம் மொத்தமும் அதன் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கப்பலில் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் நான். இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று என் மனைவி தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் மாடியில், ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள். சிசேரியன். ஆனி மாதக் காற்று குற்றாலம் ரோட்டில் ஒரு மரத்தை லைன்மேல் சாய்த்துவிட்டது. கரண்ட் போனதும் ஓடத் தொடங்கிய ஜெனரேட்டர் கரும்புகை கக்கி, முக்கி, நின்றேவிட்டது. அதைக் கவனிக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. தியேட்டர் விளக்கு பேட்டரியில் எரிகிறது, ரொம்ப நேரம் தாங்காது என்று நர்ஸ் படியில் நின்று சொன்னார். யாரையும் கேட்காமல் கொல்லைப்புற ஷெட்டுக்கு ஓடினேன்.

ஒவ்வொரு பகுதிக்கும் கரண்ட் போகும் பிரேக்கர் ஸ்விட்ச் அத்தனையையும் இறக்கிவிட்டு இன்ஜினை வெறுமனே ஓடவிட்டேன். சத்தம் சீரானதும் தியேட்டரை மட்டும் ஏற்றினேன். லேசாகத் திணறிப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து வார்டு விளக்குகள். ஏசி, ஃபேன் எதுவும் கிடையாது என்றேன். சத்தம் போட்டவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அப்போதுதான் லிஃப்டில் ஒரு வயசான அம்மா மாட்டிக்கொண்டிருப்பதாக வார்டு ஆள் வந்து சொன்னார். என் அம்மாதான். முட்டுவலிக்காரி, வெந்நீர் வாங்கிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் மோட்டார் கிளம்பும்போது ஒரே இழுப்பாக இழுக்கும். கப்பலில் என்றால் இரண்டாவது ஜெனரேட்டரையும் சேர்த்துவிட்டுத்தான் அப்படிப்பட்ட மோட்டாரைத் தொடுவோம். இங்கே இருந்தது ஒன்று, அதுவும் ஒருதரம் படுத்தது. ரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறது, விளக்கு போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். லிஃப்ட் கதவின் சாவியோ சாப்பிடப் போனவரிடம்.

ஓடிப்போய், அம்மா உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்த லிஃப்ட் கதவில் வாயை வைத்து, லிஃப்டைப் போட்டால் தியேட்டர் இருட்டாகிவிடலாம் என்று கத்தினேன். உள்ளே தட்டுவது நின்றது.

"மூச்சு முட்டுதுலே" என்றாள் அம்மா.

ஷெட்டுக்குத் திரும்பினேன். லிஃப்ட் பிரேக்கர்மேல் கை போய்ப் போய் வந்தது. ஒருவேளை தாங்கிவிடும் என்று மனசு நச்சரித்தது. அந்த 'ஒருவேளை'யை நம்பி நடுக்கடலில் இருட்டில் நின்றவர்களை எனக்குத் தெரியும். பெற்றவளை அடைத்துப் போட்டுவிட்டு, இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் அழுதேன்.

பெண் குழந்தை என்று நர்ஸ் வந்து சொன்னபோதும் போடவில்லை. ரத்தம் நின்று, தையலும் முடிந்தது என்ற பிறகுதான், வார்டு விளக்குகளை இறக்கிவிட்டு லிஃப்டைப் போட்டேன். இன்ஜின் அமுங்கி, உறுமி, மீண்டது.

அம்மா லிஃப்டின் தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலையெல்லாம் வேர்வை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டு மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

"என்னிய வெளிய எடுக்க நீ மோட்டாரைப் போட்டிருந்தேன்னா, செவுட்டுல அறைஞ்சிருப்பேம்லே" என்றாள்.

எழுந்து நிற்கத்தான் அவளால் முடியவில்லை.