புல்லி கோணிய கார்

அப்பா ஒரு கம்பெனி மேனேஜரின் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காரில் டிரைவர் வீட்டு ஆட்கள் ஏறக்கூடாது என்பது விதி. அப்பா விதியைப் பெரும்பாலும் மதித்தார். மழைநாட்களில் மட்டும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்வார். மேனேஜர் உட்காரும் இடத்தில் சாய்ந்துகொண்டு வருவேன். மர்பி டவுனில் எங்கள் தெருவுக்கு முந்தைய திருப்பத்திலேயே இறக்கிவிட்டுவிடுவார்.

அப்படி ஒரு மழைநாளில், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், குறுக்கே வந்த சைக்கிளுக்கு ஒதுங்கப்போய்க் கார் ஒரு கல்தூணில் மோதியது. எனக்கு அடி எதுவும் இல்லை. காரின் முகம்தான் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா சிவாஜி நகரில் தெரிந்தவரிடம் தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தார். "யார் கேட்டாலும் இடிக்கலன்னு சொல்லணும் பாப்பா. அம்மா கேட்டாலும்தான்" என்றார். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருப்பது பெருமையாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் காரின் டைனமோ போய்விட்டது. அம்மாவின் தம்பி காக்ஸ் டவுனில் ஒரு ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தார். மாமாவை அங்கே சேர்த்துவிட்டதே அப்பாதான். அந்த வேலை மாமாவிடம் போயிற்று. டைனமோவை மாற்றி, புது பெல்ட்டும் போட்டுக் கொடுத்தார். மறுநாள் வண்டியைக் கிளப்பியதும் உள்ளேயிருந்து ஒரு கீச்சல். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற கீச்சல். விருந்தாளிகள் முன்னால் கார் அப்படிக் கத்தியதில் மேனேஜருக்கு மானம் போயிற்று. யார் கெடுத்தது என்று கேட்டுச் சொல்லும்படி அப்பாவுக்கு உத்தரவு.

சனிக்கிழமை அப்பா காரைத் தெருமுனைக்குக் கொண்டுவந்து மாமாவை வரச்சொன்னார். மாமா என்ஜினை ஓடவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரிலிருந்து கொஞ்சம் எடுத்து பெல்ட்டின் மேல் தெளித்தார். சத்தம் சட்டென்று நின்றது. நான் கைதட்டினேன். நாலைந்து நொடியில் மறுபடி ஆரம்பித்தது.

"பெல்ட் லூசா இருந்தா தண்ணி பட்டதும் இன்னும் ஜாஸ்தியா கத்தும் மாமா" என்று அப்பாவிடம் சொன்னார். அக்கா வீட்டுக்காரர் என்பதால் அப்பா அவருக்கு மாமா. "இது நின்னுட்டுத் திரும்ப வருது. பெல்ட்டு நேரா ஓடல. கீழ பெல்ட்டு ஓடுற சக்கரம், புல்லி, கோணியிருக்கு. பழைய பெல்ட்டு தளர்ந்து கெடந்ததால இத்தினி நாளு தெரியல. வண்டி எங்கயாச்சும் இடிச்சுதா?"

"எங்கயும் இடிக்கலையே" என்றார் அப்பா.

மாமா குனிந்து பம்பருக்குக் கீழே பார்த்தார். புதுப் பெயிண்ட்டை விரலால் தடவினார். மழைநாளில் நான் அந்தக் காரில் வருவது அவருக்குத் தெரியும். "நீ சொல்லு பாப்பா. இடிச்சுதா?"

அப்பா என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மாமா" என்றேன். தடுமாறாமல் சொன்னேன்.

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி பாப்பா" என்று பானெட்டை மூடினார்.

எங்கும் இடிக்காத வண்டியில் புல்லி கோணியிருந்தால், டைனமோவைக் கழற்றியவன்தான் சுத்தியலால் தப்பாக அடித்திருக்க வேண்டும். ஷெட் முதலாளி அப்படித்தான் முடிவு செய்தார். அப்பா அதை மேனேஜரிடம் அப்படியே ஒப்பித்தார். மாமா மறுத்துப் பேசவில்லை, கை தவறிப்போச்சு என்று ஒப்புக்கொண்டாராம். அன்றோடு அவருக்கு அங்கே வேலை போயிற்று. இவனைப் போய்ச் சேர்த்துவிட்டேனே என்று அப்பா வீட்டில் அலுத்துக்கொண்டபோது, அந்த அலுப்பு உண்மையானது போலவே இருந்தது. அம்மா அவமானம் தாங்காமல் அழுதாள்.

பக்கத்து ஷெட்டுகளுக்கும் செய்தி பரவிவிட்டது. யாரும் மாமாவை எடுக்கவில்லை. ஓசூரில் லாரி கழுவும் இடத்தில் ஆள் வேண்டுமாம் என்று ஒரு காலையில் சொல்லிக்கொண்டு போக வந்தார். அப்பா அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் டூட்டிக்குப் போயிருந்தார். அம்மா இட்லி வைத்தபடியே, கொஞ்சம் பார்த்து வேலை செய்திருக்கக்கூடாதா என்று கேட்டாள்.

"விடுக்கா. மாமாவுக்கு வேலை இருக்குதில்ல, அது போதும்" என்றார், அப்பாவைச் சொல்லி. என் பக்கம் திரும்பி, "நல்லா படி பாப்பா" என்றார்.

அப்புறம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. அப்பா அதே கம்பெனியில் பதினோரு வருஷம் ஓட்டினார்.

அன்று மாமா என்மேல் ஏன் கோபப்படவில்லை என்பதற்கு ஒன்பது வயதில் எனக்கு ஒரே காரணம்தான் தோன்றியது. நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.