பதினோராவது ஃபோல்டர்

கண்டி டவுனில் கம்ப்யூட்டர் திருத்துகிறவர்கள் பலர் உண்டு. நிரோஷினி அளவுக்கு வாய் உள்ளவர் கிடையாது. கணேஸ் அண்ணனின் கடையிலிருந்து வீடு வீடாகப் போய் வேலை பார்ப்பாள். ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கண்ணூறு பட்டுவிட்டது என்று வேப்பிலை செருகி வைத்திருந்தார்கள். அவள் வேப்பிலையை ஓரமாக வைத்துவிட்டு, விசிறிக்குள் செத்துக் காய்ந்திருந்த பல்லியை எடுத்துக் காட்டினாள். காரணம் இல்லாமல் எதுவும் நிற்காது என்பது அவள் கட்சி. திரை உறைந்துபோய் வீட்டுக்காரர் பதறினால், "கொஞ்சம் பொறுங்க, யோசிக்குது" என்பாள். சொல்லிவிட்டு மனதுக்குள் முப்பது வரை எண்ணுவாள். முப்பதுக்குள் வராதது தானாக வராது என்று அனுபவத்தில் கண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சஞ்சீவ், பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தானே பார்த்துப் பிடித்த பையன். ஜாதகம் பார்க்கலாமா என்று அம்மா மெல்லக் கேட்டபோது, "ஆறு வருசம் பாத்தீங்களே, என்ன வந்துச்சு?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள்.

அந்த ஆறு வருடமும் அவள் ஜாதகம் கிடந்த வீட்டுக்குத்தான் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கணேஸ் அண்ணன் அவளை அனுப்பினார். டவுனிலேயே கட்டுக்கலையில், மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ராஜலிங்கம் வீடு. பென்ஷன் வாங்கியபின் கல்யாணத் தரகில் இறங்கியவர். அப்பா கலஹாவிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு வந்த வீடு. "ஒன்னும் பொருந்தி வரலையாம்" என்று குடையை மடக்கிக்கொண்டே சொல்வார். அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். நிரோஷினி அந்த வீட்டுப் படியை அன்றுதான் முதல் தடவையாக மிதித்தாள்.

வெளியே தூறல். மதியம் இரண்டு மணிக்கே வீட்டுக்குள் லைட் எரிந்தது. ராஜலிங்கத்தின் மனைவி புஷ்பம் கம்ப்யூட்டர் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, "இந்தச் சனியன ஒரு வழி பண்ணிட்டுப் போங்கம்மா" என்றாள்.

ராஜலிங்கம் மனைவியை முறைத்தார். "சனியன்னு சொல்லாத. அது சும்மா நிக்கல பிள்ளை. ஆளப் பாத்துத்தான் நிக்குது."

நானூறு பேருக்கு நானூறு ஃபோல்டர். ஒவ்வொன்றிலும் படம், ஜாதகம். அநேகமாக எல்லாம் திறக்கும். சில பேருடைய ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் ஜன்னல் வெளிறிப்போய் நிற்கும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். அப்படி நின்றவர்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். பதினொரு பேர். அவர்களில் யாருடைய ஜாதகத்தையும் அவர் வெளியே அனுப்பவில்லை.

"பெட்டி வேணாங்குது, நான் எப்பிடிக் குடுக்கிறது?" என்றார். "மூணு பேரு வேற தரகர்கிட்ட போய்க் கட்டிக்கிட்டாங்க. மூணும் பொம்பளப் பிள்ளைங்க. ஒருத்தி ஹேவாஹெட்டக்காரி. எட்டாவது மாசம் மாப்பிள்ளை பஸ்ல அடிபட்டுச் செத்துட்டான். மத்த ரெண்டும் அப்பிடித்தான். வருசம் திரும்பல."

"தற்செயலா இருக்கும் ஐயா."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன், மூணாவது வரைக்கும்."

கொப்பியை அவள் பக்கம் தள்ளினார். பெயரையும் ஊரையும் பார்த்ததும் நிரோஷினிக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. ஹேவாஹெட்ட, கலஹா, மறுபடி ஹேவாஹெட்ட. எல்லாம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். கடைசி வரியில் 'நிரோஷினி, கலஹா, மூலம்' என்று இருந்தது.

"அதுதான் முதமுதல்ல நின்னது. கொப்பி வாங்க முந்தி நின்னதால கடைசியில எழுதினேன்" என்றார் ராஜலிங்கம். "தகப்பன் பாவம், நடையா நடந்தாரு. பெட்டி நின்னுருச்சுன்னு அவருகிட்ட எப்பிடிச் சொல்றது?"

அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. படத்தில் இருந்தது ஆறு வருடத்துக்கு முந்திய, சேலை கட்டிய, கண்ணாடி போடாத பெண். நிரோஷினிக்குக் காதுமடல் சூடேறியது. அப்பாவின் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒரு ஓட்டைப் பெட்டி தின்றிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்து, கடைசியாகத் தன் ஃபோல்டரையும் திறந்து காட்டி, "இது நான்தான் ஐயா" என்று இந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள்.

காரணம் கால் மணி நேரத்தில் அகப்பட்டது. இப்போதெல்லாம் ஜாதகத்தோடு சின்ன வீடியோ ஒன்றும் அனுப்புகிறார்கள். தோட்டத்து மலையில் சிக்னல் அறுந்து அறுந்து வருவதால் வீடியோ பாதியில் வந்து சேர்ந்திருக்கிறது. ஃபோல்டரைத் திறந்ததும் அதற்கு ஒரு குட்டிப் படம் தயாரிக்கப் பார்த்து, பெட்டி அந்த அரைகுறையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. டவுன்காரர்களின் வீடியோ முழுசாக வரும், அதனால் அவர்களுக்கு ஒன்றுமில்லை. சகுனமாவது மண்ணாவது. சிக்னல் இல்லாத லயத்து வீட்டில் பிறந்ததுதான் அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம்.

உடைந்த வீடியோக்களை எடுத்துவிட்டு முதல் ஃபோல்டரைத் திறந்தாள். பட்டென்று திறந்தது. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது வரை திறந்தது. ராஜலிங்கம் எழுந்து பின்னால் வந்து நின்றார். அவர் முகம் செத்துவிட்டது. "அப்போ நான் அந்தப் பிள்ளைங்கள..." என்று தொடங்கி முடிக்காமல் உள்ளே போனார்.

அவள் பதினோராவதைத் திறந்தாள்.

அவளுடைய படம் மேலிருந்து மெல்ல இறங்கியது. நெற்றி, கண், வாய், தாடை. அங்கே நின்றது. கழுத்திலிருந்து கீழே வெறும் வெள்ளை. பிறகு ஜன்னல் முழுதும் வெளிறி மூடிக்கொண்டது.

உள்ளே வீடியோ எதுவும் இல்லை. இருக்கவும் முடியாது. அப்பா கையில் கொண்டுவந்து கொடுத்த ஒரு படம், ஒரு ஜாதகம், அவ்வளவுதான். படத்தைத் தனியாகத் திறந்தாள், முழுசாகத் திறந்தது, கழுத்தில் அம்மாவின் சங்கிலி கூடத் தெரிந்தது. புதிய ஃபோல்டருக்கு மாற்றினாள். தாடைவரை வந்து நின்றது. பெயரை அழித்து வெறும் எண் போட்டாள். தாடைவரை. பென் டிரைவில் எடுத்துத் தன்னுடைய லேப்டாப்பில் போட்டாள். முப்பது எண்ணினாள். அங்கேயும் அதே இடத்தில், கழுத்துக்குக் கீழே அதே வெள்ளை.

தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

படத்தில் எங்கோ பழுது இருக்கலாம். ஸ்கேன் பண்ணும்போது கெட்டிருக்கலாம். இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடுவாள், அது அவளுக்குத் தெரியும். ஆனால் உட்காரவில்லை. ஒரு மணி நேரம் தேடியும் காரணம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று பயந்தாள். அந்த மாதிரிப் பயம் அவளுக்கு வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தாள்.

ராஜலிங்கம் திரும்பி வந்து, "எல்லாம் சரியா பிள்ளை?" என்றார்.

"எல்லாம் சரி ஐயா. அந்தப் பிள்ளைங்க ஜாதகத்தையெல்லாம் வெளியே குடுங்க."

"அந்தக் கடைசிப் பிள்ளையோடது?"

"அவங்களுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கும் ஐயா. அதை விடுங்க."

அவர் பேனாவை எடுத்து, இனித் தேவைப்பட்டால் கூப்பிட அவள் பெயரைக் கேட்டார். நிரோஷினி தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அப்பாவுக்காக அதைத்தான் சொல்ல வந்திருந்தாள். "கடைக்கே போன் எடுங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கீழே ஒரு கடையின் கூரைக்கடியில் மோட்டார் சைக்கிளோடு சஞ்சீவ் நின்றான். அரை நாள் லீவு போட்டிருந்தான். கலஹாவில் அம்மாவிடம் கல்யாண அட்டையைக் கொடுக்கப் போக வேண்டும். மழையில் ரோடு பளபளத்தது. நிரோஷினி நேராகப் போய் அவன் ஹெல்மெட் பட்டியை இழுத்துப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

"என்ன இன்னிக்கு இவ்வளவு கரிசனம்?" என்று சிரித்தான். "பதினொன்னு நிக்குதுன்னு போன்ல சொன்னியே, எல்லாம் சரியாயிருச்சா?"

"பத்து சரியாயிருச்சு."

"மத்தது?"

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவன் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "யோசிக்குது."

பேராதனைப் பக்கம் வண்டி திரும்பியது. எதிரே ஒரு கலஹா பஸ் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. அவன் ஏதோ சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழவில்லை. மனதுக்குள் எண்ணத் தொடங்கியிருந்தாள். முப்பது வந்தது. அவள் நிறுத்தவில்லை.