தாய்மாமன் மடி

பழைய ஆங்கில நாவல்களில் ஏழை வீட்டுப் பெண் ஒருத்தி வருவாள். கையில் காசிருக்காது, மூளை மட்டும் இருக்கும். பெரிய இடத்தில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு, வழியில் நிற்பவர்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மாளிகைக்குள் நுழைந்துவிடுவாள். அப்பா அம்மா போன பிறகு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நானும் என் தங்கையும் இருந்தோம். அந்தப் புத்தகங்களைப் பாதி விலைக்கு வாங்கிப் போட்டி போட்டுக்கொண்டு படிப்போம். நல்லவர்கள் பேச ஆரம்பித்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவோம். எங்களுக்குப் பிடித்தவள் அவள்தான்.

"அவ கெட்டிக்காரி அண்ணே. எல்லாரையும் இழுத்துக்கிட்டு மேல ஏற முடியுமா லா?" என்பாள் தங்கை. நானும் தலையாட்டுவேன்.

தங்கை கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். கொஞ்ச நாளில் முதலாளி வீட்டு மருமகளானாள். அந்தப் பையனுக்கு ஏற்கெனவே வேறொரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சு எப்படி முறிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வருவது குறைந்தது, அப்புறம் போன் வருவதும் குறைந்தது. நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. வேலை முடிந்து வந்தால் பேச ஆளில்லாமல் ரேடியோவைப் பெரிதாக வைத்துக்கொள்வேன்.

பிறகு அவள் மகளுக்குக் காது குத்து வந்தது. குழந்தைக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதை எந்தப் பணக்காரனாலும் மாற்ற முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். தோடு வாங்கினேன், பட்டுப் பாவாடை வாங்கினேன். எனக்கு முழங்கால் வலி. சபையில் மானம் போகக் கூடாதே என்று, வீட்டில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டுப் பழகினேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

கோயில் மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். தங்கை என்னைச் செருப்பு விடும் இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அவரு எங்க புது பார்ட்னர். என்னைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுறாரு. இன்னிக்கு அவரு மடியில வச்சா அவருக்கு ஒரு மரியாதை. நீங்க நம்ம ஆளு, புரிஞ்சிக்குவீங்க."

"நான் எதுக்கு வந்தேன் மா?"

"சத்தம் போடாதீங்க அண்ணே, ப்ளீஸ்."

நான் சத்தம் போடவே இல்லை. தோட்டை அவள் கையில் கொடுத்தேன், கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. அந்த மனிதருக்குக் குழந்தையைப் பிடிக்கத் தெரியவில்லை. சட்டை கசங்காமல் தள்ளிப் பிடித்தார். நான் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டேன். அவர் கொண்டுவந்த வைரத்தோடு காதில் ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பந்தியில் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாவல்கள் ஞாபகத்துக்கு வந்தன. மேலே ஏறுகிறவளுக்குக் கீழே ஓர் உறவுக்காரன் இருப்பான். அவனைக் கழற்றிவிட்டாள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, எழுதியவர் அவள் பின்னாலேயே விருந்துக்குப் போய்விடுவார். நாங்களும் கூடவே போனோம். அந்த வரிக்குப் பிறகு அவன் எந்த பஸ் ஏறினான், ராத்திரி யாரோடு சாப்பிட்டான் என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் யோசித்ததில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

புறப்படும்போது வாசலில் தங்கை, பார்ட்னரின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை, காது சிவந்து வீங்கியிருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "இவரு யாரு?" என்றாள்.

"தெரிஞ்சவரு," என்ற தங்கை, குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள். "அங்கிளுக்கு பை சொல்லும்மா."

"பை, அங்கிள்."

மாமா என்று சொல்லு என்று வாய்வரை வந்தது. தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பயந்துபோய். சின்ன வயதில் அவள் அப்படிப் பார்த்தால் நான் யாரிடமும் அவளைக் காட்டிக்கொடுத்ததில்லை. "பை," என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.