ஐவி டீச்சர் வீட்டு நடுச்சுவர்

சாந்தோமில் தன் தெருவில் எந்த வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை என்பது மீன் விற்கும் தேசம்மாவுக்குத் தெரியாமல் போனதே இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் பக்கத்து வீட்டுக்கு ஐவி டீச்சர் புருஷனோடு குடிவந்தாள். வந்த ஒரு மாதத்தில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரில் தன் பக்கம் முழுக்க, துண்டுத்துணிகளை ஒட்டித் தான் தைத்த தடித்த மெத்தைப் போர்வைகளைத் தொங்கவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பேச்சு ஒன்றுகூட தேசம்மாவின் காதில் விழவில்லை.

"மனுசன் போத்திக்கிறத எவளாவது செவுத்துக்குப் போத்துவாளா? பின்னாடி ஓட்டை போட்டுகினு நம்மள வேவு பாக்குறாங்கய்யா," என்று புருஷன் அங்கமுத்துவிடம் பொருமினாள்.

மறுநாள் வஞ்சிரம் கொடுக்கப் போனவள், கூடையை இறக்கிய கையோடு போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். ஓட்டையும் இல்லை, விரிசலும் இல்லை. சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர்.

"இன்னாத்துக்கு டீச்சரம்மா இந்தக் கூத்து? செவுத்துக்குக் குளுருதா?"

"அழகுக்குத்தான்க்கா," என்றாள் ஐவி. "அதோட, நாங்க பேச ஆரம்பிச்சாலே அந்தப் பக்கம் செவுத்துல வளையல் உரசுற சத்தம் கேக்கும். இப்ப கேக்கறதில்ல."

தேசம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.