முகம் உரிந்தபோது வாசலில் வேப்பிலை

இன்று செம்பட்டி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கல்லூரிப் பெண்ணுக்கு முகமெல்லாம் தோல் உரிந்திருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"பருவுக்குக் கெமிக்கல் பீல் பண்ணிருக்கேன்ம்மா. உரிஞ்சு முடிஞ்சா சரியாயிரும்."

போனில் தோழிகளுக்கு அந்த முகத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

1960களில், நான் பள்ளிக்கூடம் போன வயதில், எனக்கும் பருவுக்குத் திண்டுக்கல் டாக்டர் ஒருவர் எரிகிற மருந்தைத் தடவி, "தோல் உரியும், பயப்படாதே" என்றார். உரிந்தது.

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, அம்மை என்று நினைத்து எங்கள் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டார்.

"இது மருந்துனால உரியுது, அம்மை இல்ல" என்றாள் அம்மா.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்படிச் சொல்லாத தாயி, ஆத்தா கோவிச்சுக்குவா."

அதன்பிறகு எங்கள் வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. தினமும் பள்ளிக்குக் கூட்டிப்போக வரும் என் சிநேகிதி பவுனும் தெருவிலேயே நின்றுவிட்டாள். சன்னல் வழியாகக் கையசைத்தேன்.

அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்த வருஷமே அவள் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது.

பவுனு, இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுது. வேப்பிலையை எடுத்து எத்தனையோ வருஷமாச்சு. தைரியமாக வா, வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.